சிவப்புக் குழாய்ப் பெட்ரோல்

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் பவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் அதிகாரம் ஏதும் இருந்து வந்த பேர் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. வருகிறவரை உயர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, வட்டக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இப்ப நல்லா தெரியுதா, இதுக்கு முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சில பேர் நேரத்துக்கு ஒன்று சொல்லி உயிரை வாங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவள் ஒரு வேலை செய்வாள். செருகியிருக்கும் துண்டை எடுத்து, துணியால் ஒரு துடை துடைத்து, அதையே திரும்பச் செருகுவாள். "ஆங், இது பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இது சிரிப்பாக இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே பளிச்சென்று தெரிகிறது. இது ஒன்று புரிந்திருந்ததால்தான் அவளால் கணவரோடு சண்டையில்லாமல் குடித்தனம் நடத்த முடிந்தது.

கணவருக்கு சூப்பர் என்று பேர் வைத்தவர்கள் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்பவர்கள். அங்கே இரண்டு விதக் குழாய்கள் தொங்கும். பச்சைக் குழாயில் சாதாரணப் பெட்ரோல். சிவப்புக் குழாயில் ஆக்டேன் கூடிய, விலையும் கூடிய பெட்ரோல். வண்டி நிற்பதற்கு முன்பே, ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கும்போதே, "சூப்பர் போடுங்க" என்பார் அவர். வண்டி ஒன்றும் பந்தயக் குதிரை இல்லை. இரண்டாம் கையாக வாங்கிய, சின்னஞ்சிறிய, சாம்பல் நிறக் குடும்பக் கார். சாதாரணப் பெட்ரோலே போதும் என்று அதைச் செய்த கம்பெனிக்காரனே பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். "கஞ்சப் பசங்களுக்காக ஒட்டினது அது" என்று அவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

இந்தப் பக்தி பிறந்த கதை அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில் ஒரு நாள் பங்க்கில் பச்சை தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் சிவப்பைப் போட்டார்கள். வீடு வரும் வழியெல்லாம் அவருக்கு வாய் மூடவில்லை. "பறக்குது பாரு. கால் வைக்கறதுக்கு முன்னாடி ஓடுது பாரு." அன்று காலையில்தான், பல வாரங்களாகப் பின்பக்கம் கிடந்த சோப்புப் பெட்டிகளை எல்லாம் இறக்கி வைத்திருந்தார். அவ்வளவு பாரம் குறைந்தால் மாட்டு வண்டியும் பறக்கும். அவள் அதைச் சொல்லியும் பார்த்தாள். "பாரம் குறைஞ்சா லேசா இருக்கும். இது லேசு இல்ல, வேகம்" என்றார்.

சோப்புப் பெட்டி என்றதும் அவர் வேலையைச் சொல்லிவிட வேண்டும். சோப்புத் தொழிற்சாலையில் உறை சுற்றும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். அங்கே ஒரே தொட்டியிலிருந்து ஒரே சோப்பு வருகிறது, ஒரே அச்சில் வெட்டுப்படுகிறது. பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போவது வெள்ளைக் காகிதத்தில் சுற்றப்பட்டுச் சாதா சோப்பாகிறது. வலது பக்கம் போவது தங்க நிற உறைக்குள் புகுந்து, ராணி மாதிரி விலை ஏறி வெளியே வருகிறது. தங்க உறையை வாங்குகிறவர்களை நினைத்து அவர் சாப்பாட்டு மேஜையில் வயிறு குலுங்கச் சிரிப்பார். "போன வாரம் ஒரு அம்மா கம்பெனிக்கே போன் பண்ணி, தங்க சோப்பு போட்டதுலேர்ந்து தோல் மினுமினுங்குதுன்னு சொல்லுதாம். உலகத்துல இப்படியும் ஏமாளிங்க இருக்காங்க."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அப்ப நம்ம சிவப்புக் குழாய்?" என்று கேட்டாள்.

"அது இன்ஜின். இது சோப்பு. ரெண்டையும் எதுக்குப் போட்டுக் குழப்பற?" என்றார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட் மாறியது. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் வார நாட்களில் வண்டி அவள் கைக்கு வந்தது. பெட்ரோல் போடும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. "மறந்துபோய் பச்சையைப் போட்டுடாத" என்று சாவியோடு சேர்த்து எச்சரிக்கையையும் கொடுத்தார். அவளும் ஒழுங்காகச் சிவப்புதான் போட்டு வந்தாள். ஒரு நாள் சிவப்புக் குழாயின் மேல் துணியைக் கட்டி, இருப்பு இல்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்கு நேரமாகிவிட்டதால் பச்சையைப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்து மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டியதும் தலையை ஆட்டினார். "என்னம்மா ஓடுது. வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி. இதுக்குத்தான் சொல்றது, சூப்பர் போடணும்னு."

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. அதே நொடியில், கடையில் துடைத்துத் திரும்பச் செருகும் கண்ணாடித் துண்டு நினைவுக்கு வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த வாரம் சிவப்புக் குழாயில் இருப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் பச்சையையே காட்டினாள். இன்னொரு தரம் பார்ப்போமே என்றுதான் தொடங்கினாள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. கணவர் வாராவாரம் சிவப்பைப் புகழ்ந்தார், வண்டி வாராவாரம் பச்சையில் ஓடியது. ஒருவருக்கும் குறை இல்லை.

அவளுடைய தம்பி கார் வாங்கியதும்தான் வம்பு வந்தது. அவன் வீடு, மனை விற்கிறவன். பேச்சும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கும். பிறந்த வீட்டில் அவன்தான் செல்லம். அப்பாவுக்கு மகன் என்றால் உயிர். மருமகனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. கேட்கிறவர்களிடம் "அவரு சோப்புக் கம்பெனில இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். தம்பி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த கார் ஒன்றை வாங்கி, அதுவும் போதாது என்று ஒரு பட்டறையில் கொடுத்து டியூன் பண்ணிக்கொண்டான். பட்டறைக்காரர் அதன் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி, டர்போவின் அழுத்தத்தை ஏற்றிவிட்டார். இனி இதற்குச் சூப்பர் மட்டும்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரே குடும்பத்தில் இரண்டு சூப்பர் வண்டிகள் என்றதும் கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பிக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. தன் புலி குடிப்பதையே அத்தானின் பூனையும் குடிப்பதா என்று நினைத்தானோ என்னவோ, ஒரு நாள் அக்காவையும் அத்தானையும் அவர்கள் வண்டியோடு அந்தப் பட்டறைக்குக் கூட்டிப் போனான்.

பட்டறையில் தரையோடு தரையாக இரண்டு பெரிய உருளைகள். சக்கரத்தை அவற்றின் மேல் ஏற்றி வண்டியை முடுக்கினால், நின்ற இடத்திலேயே ஓடும். அதன் பலம் கோடாகத் திரையில் எழும்பும். சாம்பல் நிறக் காரை ஏற்றி, முதலில் டாங்கியில் இருந்த பெட்ரோலோடு ஓட்டினார்கள். "இது சூப்பர்" என்றான் தம்பி. பிறகு அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, சாதாவை ஊற்றி ஓட்டினார்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. அவள் திரையை விட்டுத் தரையைப் பார்த்தாள். முதலில் இருந்ததும் பச்சைதான் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தானே தெரியும்.

தம்பி திரையைப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தபோது, அவள் பட்டறைக்காரரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி சிரித்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. இந்த மாதிரி வண்டி எத்தனையோ பார்த்துட்டேன். நிஜமாவே சூப்பர் இருந்திருந்தாலும் இதே கோடுதான்."

"அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. ஆனா நம்ம நினைக்கற மாதிரி இல்ல. ஆக்டேன்னா பலம் இல்லம்மா, பொறுமை. இன்ஜினுக்குள்ள பெட்ரோலை நசுக்குவாங்க இல்ல, அப்ப பொறி வர்ற வரைக்கும் தானா பத்திக்காம இருக்கணும். உங்க வண்டி நசுக்கறதே கொஞ்சம். சாதா பெட்ரோல் அதைத் தாங்கிக்கும். உங்க தம்பி வண்டி போட்டு நசுக்கும். அங்க பொறுமை வேணும்." பிறகு குரலை உயர்த்தி, "தம்பி, உங்க வண்டிக்கு இந்தக் கணக்கு கிடையாது. அதுக்குச் சூப்பர்தான்" என்றார்.

தம்பி காதில் வாங்கவில்லை. அவன் அதற்குள் அந்தப் படத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

கணவர் திரையை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "உங்க உருளை மேல ஓடினா இப்படித்தான் காட்டும். நான் ரோட்டுல ஓட்டறேன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பங்க் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏமாற்றியவள் தான், அவமானப்பட்டது அவர் என்று உறுத்தியது. அடுத்த தடவை சிவப்பே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பங்க்குக்குப் போனதும், அந்தக் கோடுகள் கண் முன்னால் வர, பச்சைக் குழாயைத்தான் காட்டினாள்.

அப்பா அந்தப் படத்தை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினார். தம்பியோ அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டான்: சூப்பர் என்பதே ஏமாற்று வேலை. சோதனை நடந்தது அத்தானின் வண்டியில், பாடம் நடைமுறைக்கு வந்தது அவன் வண்டியில். அன்றிலிருந்து அவன் பச்சைக்கு மாறினான். ஊருக்குள்ளே மெதுவாக ஓட்டுகிற வரை ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா அக்கா? பட்டறைக்காரனும் பங்க்காரனும் கூட்டு" என்றான்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கடை வழியாகவே டாக்டரைப் பிடித்து அவள்தான் ஏற்பாடு செய்தாள். அப்பாவின் வீடு மலை மேல். ஆபரேஷன் முடிந்து அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட இரண்டு வண்டிகளும் கிளம்பின. தம்பியின் கார் சொகுசு என்பதால் அப்பாவும் அவளும் அதில். அவள் கையில் கண் சொட்டு மருந்து. பெட்டி படுக்கைகளை ஏற்றிக்கொண்டு கணவர் சாம்பல் நிறக் காரில் பின்னால் வந்தார்.

மலையடிவாரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். தம்பி பச்சையைக் காட்டினான். பின்னால் நின்ற கணவர் இறங்கி வந்தார்.

"மச்சான், உன் வண்டிக்கு இது வேணாம். அந்தப் பட்டறைக்காரர் சொன்னாரு இல்ல? மேல ஏறணும், வெயிலும் கொளுத்துது."

"இன்னுமா அத்தான்?" என்றான் தம்பி. "உங்களுக்குத் திரையில காட்டியும் புத்தி வரலையே."

அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "அவரு சோப்பைப் பார்த்துக்கட்டும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

கணவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு அவளைப் பார்த்து, "நம்ம வண்டிக்குக் கவலை இல்ல. நேத்தே நீ சூப்பர் ரொப்பிட்ட இல்ல?" என்றார். அவள் தலையாட்டினாள். சொட்டு மருந்துப் புட்டியின் மூடியை வேண்டாமலே திறந்து மூடினாள்.

ஏற்றம் ஆரம்பித்ததும் தம்பி தன் வண்டியின் வீரத்தைக் காட்டினான். முன்னால் போன லாரிகளை எல்லாம் தாண்டினான். கொஞ்ச தூரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வந்தது, விட்டால் நின்றது. அவள் கணவருக்குப் போன் போட்டு, அந்தச் சத்தத்தையே கேட்க வைத்தாள்.

"நிறுத்தச் சொல்லு. உடனே நிறுத்தச் சொல்லு" என்றார் அவர்.

"டேய், ஓரமா நிறுத்துடா. அவர் சொல்றார்."

"அவருக்கு என்னக்கா தெரியும்? டர்போன்னா அப்படித்தான் பேசும்."

"கொஞ்சம் நிதானமாவது போ" என்றார் அப்பா. தம்பி அடுத்த வளைவில் இன்னும் அழுத்தினான். டொக் என்று ஒரு சத்தம். வண்டி கோழி மாதிரி உதறியது. பின்னால் நீலப் புகை கிளம்பியது. ஒரு பாறையின் ஓரமாக உருண்டு போய் நின்றுவிட்டது.

தம்பி இன்ஜின் மேல் இருக்கும் முன்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பார்த்துப் புரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. தாண்டி வந்த லாரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போயின. அப்பாவின் கண்ணில் வெயில் படாமல் அவள் தன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், பெட்டி படுக்கையோடு, கடகடவென்று சாம்பல் நிறக் கார் வந்து சேர்ந்தது.

கணவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லப் போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் சொல்லவில்லை. மாமனாரைக் கைத்தாங்கலாக முன் இருக்கையில் உட்கார வைத்தார். பெட்டிகளை மாற்றி அடுக்கி, பின்னால் இரண்டு பேருக்கு இடம் பண்ணினார். நான்கு பேர், அத்தனை சாமான். அந்தச் சின்ன வண்டி இரண்டாவது கியரிலேயே முனகி முனகி ஏறியது. எங்கும் நிற்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டினார்கள். பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, இதுல சூப்பர்தான் போடறீங்களா?"

மாப்பிள்ளை என்ற வார்த்தையில் கணவர் வளைவில் ஹாரன் அடிக்கவே மறந்துபோனார். "எப்பவும் அதான் மாமா" என்றார்.

"அதான் அலுங்காம ஏறுது. நாங்கதான் படத்தைப் பார்த்து ஏமாந்துட்டோம்."

பின் இருக்கையில், மடியில் ஒரு பெட்டியோடு நசுங்கி உட்கார்ந்திருந்த தம்பி அவள் பக்கம் சாய்ந்தான். "அக்கா, நெஜமா சொல்லு. இதுல இருக்கறது சூப்பரா?"

இதுவரை அவள் தலையைத்தான் ஆட்டியிருக்கிறாள். வாய் திறந்து பொய் சொன்னதில்லை. முன்னால் கணவரின் பின்னங்கழுத்து தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பிறந்த வீட்டு ஆட்கள் நடுவில் அந்தக் கழுத்து இவ்வளவு நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை.

"ஆமாடா" என்றாள்.

தம்பி வண்டியின் இன்ஜினைப் பட்டறைக்காரர் பிரித்துப் பார்த்தார். ஒரு பிஸ்டனின் ஓரம் கடித்த ரொட்டி மாதிரி உடைந்திருந்தது. பெட்ரோல் அவசரப்பட்டுப் பற்றிக்கொண்டதுதான் காரணம் என்றார். தம்பி அதன் பிறகு சிவப்பைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. டியூன் பண்ணாத வண்டிக்காரர்களுக்கும் அதையே உபதேசம் செய்தான். அப்பா அதற்கும் மேலே போனார். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய பெட்ரோல் மோட்டாருக்கு, அடிவாரத்திலிருந்து சூப்பர் வாங்கி வரச் சொல்லி ஊற்றினார். தண்ணீர் முன்னைவிட வேகமாக விழுவதாக வாரம் ஒரு தடவை மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

கணவரின் புகழ் பரவியது. தொழிற்சாலையில் உணவு இடைவேளையில் ஆலோசனை கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டருக்குச் சிவப்பைப் போட ஆரம்பித்தார். அவருக்கு வருமானம் கம்மி என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை ரொம்ப நாள் குடைந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னலில் நிற்கும்போது சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நான் வண்டிக்கு சூப்பர் போடறதே இல்ல. பச்சைதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"உங்களுக்கு ஷிப்ட் மாறின கொஞ்ச நாள்லேர்ந்து."

"மலைக்குப் போனப்பவும்?"

"அப்பவும்தான்."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை நகர்த்தி, ஓரமாக ஒரு மர நிழலில் நிறுத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மெல்லத் தலையை ஆட்டினார், ரொம்ப நாளாகத் தெரியாமல் இருந்த ஒன்று இப்போதுதான் விளங்கியது போல.

"அதான பார்த்தேன். மூணாவது வளைவுல வண்டி சரியா இழுக்கல. எனக்கு அப்பவே தட்டுச்சு. மாமா இருக்காரேன்னு வெளில சொல்லல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது என்ன மனுஷன் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு வேறு குரலில், "உங்க அப்பாகிட்ட சொல்லிடாத" என்றார்.

"சொல்லல. ஆனா எதிர்வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லணும். ஸ்கூட்டருக்கு அது தண்டம்."

"சொல்றேன். ஸ்கூட்டருக்கு வேணாம்னு சொல்றேன். காருன்னா வேற."

சொன்னபடியே சொன்னார். எதிர்வீட்டுக்காரருக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. எந்த வண்டிக்கு எது என்று கணக்காகச் சொல்கிற மனுஷன் என்று தெருவெல்லாம் பேசினார். அதன் பிறகு வீட்டில் ஒரு உடன்பாடு பேசாமலே ஏற்பட்டது. அவர் ஓட்டும்போது சிவப்பு, அவள் ஓட்டும்போது பச்சை. டாங்கிக்குள் இரண்டும் கலந்து, சண்டையில்லாமல் ஓடின.

பல வருஷம் கழித்து அந்த வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவர் முன்பக்க மூடியைத் திறந்து, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்களே. என்ன பெட்ரோல் போட்டு ஓட்டினீங்க?" என்றார்.

"சூப்பர்" என்றார் கணவர். "வேற எதுவும் காட்டினதே இல்ல."

வந்தவர் அவளைப் பார்த்தார். அவள் இன்னொரு சாவியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.